பெயின்ட் பட்டறையில் பிறந்த ஸ்டிக்கர்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே பேச்சு நிறத்துக்கு வந்துவிடும். பானட் மங்கிவிட்டது, கூரையில் கிளியர் கோட் உரிகிறது, கதவு ஒரு சாயல், பம்பர் வேறு சாயல். முழுசாகப் பெயின்ட் அடித்துவிடலாமா, இல்லை ராப் போட்டுவிடலாமா? பெங்களூரு ஜே.சி. ரோட்டின் ஆக்சஸரி கடைக்காரர் ராப் என்பார். டிங்கரிங் பட்டறைக்காரர் பெயின்ட் என்பார். அவரவர் தொழில் அது. இந்த இரண்டையும் எதிரெதிர் கட்சிகளாகவே பார்த்து நமக்குப் பழகிவிட்டது. ஆனால் காரின் மேல் ஒட்டும் அந்தப் படலத்தின் பிறப்பைத் தேடிப் போனால், கடைசியில் போய் நிற்கும் இடம் ஒரு பெயின்ட் பட்டறை. பெயின்ட் அடிக்கிறவருக்கு ஒத்தாசையாகப் பிறந்தது அது. அந்தப் பிறவிக் குணம் இன்றுவரை அதை விட்டுப் போகவில்லை. வண்டியை வைத்துக்கொண்டு யோசிக்கிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

கதை 1920களின் அமெரிக்காவில் தொடங்குகிறது. அதுவரை காருக்குப் பெயின்ட் அடிப்பது குதிரை வண்டிக் காலத்து வேலையாகவே இருந்தது. பிரஷ்ஷால் வார்னிஷ் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, ஒரு கார் முடிய வாரக்கணக்கில் ஆகும். தொழிற்சாலையில் எஞ்சினும் சேஸிஸும் தயாராகி நிற்கும், பாடி மட்டும் காய்ந்துகொண்டிருக்கும். 1923இல் டூபான்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்தன. ஸ்பிரே கன்னில் ஊற்றி அடித்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். 1924ஆம் வருட மாடல் ஓக்லண்ட் கார் நீல நிறத்தில் அந்த லாக்கரோடு வெளிவந்தது. அந்தப் பெயர் இங்கேயும் தங்கிவிட்டது. இன்றைக்கும் நம் ஊர் மரவேலைப் பட்டறைகளில் அலமாரிக்கு "டூக்கோ அடிக்கணுமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

சீக்கிரம் காயும் பெயின்ட் வந்ததும் காருக்கு விதவிதமான நிறங்கள் வந்தன. அதோடு சேர்ந்து, மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறம் என்று இரண்டு நிற கார் ஃபேஷனும் பிடித்துக்கொண்டது. பார்க்க அழகு, பட்டறைக்காரருக்கோ தலைவலி. முதல் நிறத்தை மூடிக்கொண்டால்தான் இரண்டாவது நிறத்தை அடிக்க முடியும். செய்தித்தாளைப் பசை தடவி ஒட்டினார்கள், மருத்துவப் பிளாஸ்திரியை ஒட்டினார்கள். வேலை முடிந்து உரித்தால் கூடவே பெயின்ட்டும் கிளம்பி வரும். அந்த இடத்தைத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும்.

மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில் அப்போது உப்புத்தாள் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனம் இருந்தது. அதுதான் பின்னாளில் உலகம் முழுக்கத் தெரிந்த த்ரீஎம். 1921இல் அது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளைக் கொண்டுவந்திருந்தது. நம் பட்டறைகளில் வாட்டர் பேப்பர் என்கிறோமே, அதே பொருள். அதன் மாதிரிகளைக் கொடுத்துச் சோதிக்க ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் கார் பட்டறைகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். சோதனைக் கூடத்தில் சின்ன வேலை, வயது இருபத்துச் சொச்சம். 1923இல் ஒரு பட்டறையில், உரித்த டேப்போடு புதுப் பெயின்ட்டும் கிளம்பி வந்ததைப் பார்த்துப் பெயின்டர் ஒருவர் கொதித்துத் திட்டிக்கொண்டிருந்தார். உப்புத்தாள் விற்க வந்தவர் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். ட்ரூ, பெயின்ட்டைக் கெடுக்காமல் உரிகிற டேப்பைத் தானே செய்து தருவதாக வாக்குக் கொடுத்தார்.

அதைச் செய்து முடிக்க இரண்டு வருடம் ஆனது. எண்ணெய்களையும் பிசின்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரத்தில் கிளிசரின் கலந்தார். வளைவுகளில் இழுத்து ஒட்டுவதற்காகச் சுருக்கம் வைத்த காகிதத்தை எடுத்துக்கொண்டார். நடுவில் மேலதிகாரியே இதை விட்டுவிட்டு உப்புத்தாள் வேலையைப் பார்க்கும்படி சொன்னார், ட்ரூ விடவில்லை. 1925இல் மாஸ்கிங் டேப் வந்தது. ஒட்டும்போது விடாமல் ஒட்ட வேண்டும், உரிக்கும்போது கீழே இருப்பதைத் தொடாமல் வர வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு நிபந்தனைகளையும் ஒரே பசைக்குள் கொண்டுவந்ததுதான் அவருடைய சாதனை. இன்று ஒரு முழுக் காரையும் போர்த்துகிற படலத்துக்கும் இதே இரண்டு நிபந்தனைதான். வேறுபாடு அளவில்தான்.

பசை இப்படி வந்தது. படலம் வந்த வழி வேறு. வினைல் குளோரைடு வாயுவை வெயிலில் வைத்தால் குடுவைக்குள் வெள்ளையாக ஏதோ படிகிறது என்று 19ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்களே கண்டிருந்தார்கள். அது கெட்டியாக, நொறுங்குவதாக, எதற்கும் உதவாததாக இருந்தது. 1926இல் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், பி.எஃப். குட்ரிச் டயர் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். உலோகத் தொட்டிக்குள் ரப்பரைப் பதிக்க ஒரு பசை வேண்டும். இந்த உதவாத பிளாஸ்டிக்கை அதிகக் கொதிநிலை உள்ள கரைப்பானில் காய்ச்சிப் பார்த்தார். பசை கிடைக்கவில்லை. ஜெல்லி மாதிரி வளைந்து நெளிகிற ஒன்று கிடைத்தது. தண்ணீரில் ஊறவில்லை, அமிலத்துக்கு அசையவில்லை. நெகிழும் பி.வி.சி., அதாவது வினைல், அப்படித்தான் வந்தது. ரெயின்கோட், மின்வயர் உறை, சோபா ரெக்ஸின், தெருவோர ஃபிளெக்ஸ் எல்லாம் அதன் வழித்தோன்றல்கள். செமன் நூறு வயது வரை வாழ்ந்து 1999இல் காலமானார்.

மூன்றாவது துண்டு பின்தாள். பசை தடவிய பொருளை ஒரு வழுக்குத் தாளில் ஏற்றி வைத்து, வேண்டும்போது உரித்து ஒட்டும் லேபிளை 1935இல் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டான்டன் ஏவரி என்பவர் தொழிலாக்கினார். இன்றைய ராப் தொழிலில் த்ரீஎம்மோடு சேர்த்துச் சொல்லப்படும் ஏவரி டெனிசன் அவர் தொடங்கிய நிறுவனத்தின் வாரிசு. பசை, வினைல், பின்தாள் மூன்றும் சேர்ந்த பிறகுதான் லாரிப் பக்கங்களில் கம்பெனிப் பெயரைக் கையால் எழுதிக்கொண்டிருந்த ஓவியர்களின் இடத்துக்கு ஸ்டிக்கர் வந்தது. 1980களின் தொடக்கத்தில் எழுத்துகளைத் தானே வெட்டித் தரும் கணினி இயந்திரங்களும் வந்தன.

படலத்தைச் செய்யும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. கடையில் காசைக் கொட்டும் முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. வினைலைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கித் தகடாக்குவது ஒரு வழி, இது கேலண்டர் படலம். மலிவு. ஆனால் இழுத்து நசுக்கப்பட்ட நினைவு அதற்குள் தங்கிவிடும். வெயில் பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும், ஓரங்கள் பின்வாங்கும். இன்னொரு வழி, வினைலைத் திரவமாக்கி ஒரு தாளின் மேல் ஊற்றிப் பரப்பி, அடுப்பில் உலர்த்தி எடுப்பது. இது காஸ்ட் படலம். யாரும் இழுக்காமல் பிறந்ததால் அதற்குத் திரும்பிப் போக ஒரு வடிவம் கிடையாது. கதவின் மடிப்பிலும் கண்ணாடிக் குமிழின் வளைவிலும் அமர்ந்த இடத்தில் அமர்ந்திருக்கும். காரின் வளைவுகளுக்குக் காஸ்ட்தான் தாங்கும். பசையோடு சேர்த்து அதன் கனம் ஏறத்தாழ 90 மைக்ரான். தொழிற்சாலையில் காருக்கு அடிக்கும் பெயின்ட், அடி முதல் கிளியர் வரை எல்லா அடுக்கும் சேர்ந்து, பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான்.

பசையிலும் வேலை நடந்தது. அழுத்தும் வரை ஒட்டாமல் நழுவ வேண்டும் என்பதற்காகப் பசைக்குள் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி மணிகளைக் கலந்தார்கள். காற்று குமிழாக நிற்காமல் வெளியேற, பசையின் முகத்தில் நுண்ணிய வாய்க்கால்களைப் பதித்தார்கள். ஓர் ஆள் அகலமான தாளைப் பானட் மேல் விரித்து, நகர்த்திச் சரிபார்த்து, பிறகு ஸ்குவீஜியால் நடுவிலிருந்து வெளியே தள்ளி ஒட்டுவது இதனால்தான் சாத்தியமாயிற்று.

பஸ் முழுவதையும் போர்த்தியது 1993இல். பெப்சி அப்போது வெளியிட்ட நிறமற்ற கோலா பானமான கிரிஸ்டல் பெப்சியின் விளம்பரத்துக்காக, அமெரிக்காவின் சூப்பர்கிராபிக்ஸ் நிறுவனம் அச்சிட்ட வினைலால் ஒரு பஸ்ஸை மூடியது. முழு ராப்பின் தொடக்கமாக இதைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். ஜன்னல்களுக்கு நுண்துளை போட்ட படலம் வந்தது, நம் ஊர்க் கடைகளில் ஒன்வே விஷன் என்று கேட்டால் தருவதுதான்.

ஆனால் விளம்பரத்துக்காக இல்லாமல், வெறும் நிறத்துக்காகக் காரைப் போர்த்தும் பழக்கம் ஜெர்மனியின் டாக்சிகளிடமிருந்து வந்தது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. அங்கே 1971இல் டாக்சி என்றால் இளந்தந்த நிறம்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. டாக்சிக்கு ஓட்டிய காரை விற்கப் போனால் அந்த நிறத்துக் காரை யாரும் வாங்க விரும்ப மாட்டார்கள். அதனால் உரிமையாளர்கள் கறுப்பு, வெள்ளி என்று சந்தையில் விலை போகும் நிறத்தில் காரை வாங்கி, அதன் மேல் தந்த நிறப் படலத்தை ஒட்டி ஓட்டத் தொடங்கினார்கள். ஓட்டி முடித்த பிறகு உரித்தால், கீழே தொழிற்சாலைப் பெயின்ட் வெயில் படாமல், கல் அடிபடாமல் அப்படியே இருக்கும். நிறம் மாற்றும் ராப் பிறந்தது காரை அழகாக்குவதற்காக அல்ல. நல்ல நிலையில் உள்ள பெயின்ட்டைக் காப்பாற்றப் பிறந்தது அது. ராப் போட மிகப் பொருத்தமான கார் எது என்று கேட்டால், பெயின்ட் மிக நன்றாக இருக்கிற கார்தான். நம் ஊரில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். பெயின்ட் போய்விட்ட காரைத்தான் ராப் கடைக்குக் கொண்டுபோகிறோம்.

பெங்களூருக்கு இந்தப் பொருள் அந்நியமாக வரவில்லை. த்ரீஎம்மின் இந்தியக் கம்பெனிக்குத் தலைமையகமே இங்கேதான். 1987இல் பிர்லா த்ரீஎம் என்ற பெயரில் பதிவானது அது. அதற்கும் கீழே, தெரு மட்டத்தில், ரேடியம் ஸ்டிக்கர் கடைகள் இருந்தன. ஆட்டோவின் பின்னால் தலைவர் படம், கண்ணாடியில் பிள்ளைகளின் பெயர், பைக் டாங்கில் தீ ஜுவாலை என்று பிளேடால் கையாலேயே வெட்டி ஒட்டிய கைகள். வினைல் எங்கே இழுபடும், எங்கே கிழியும், வளைவில் எவ்வளவு சூடு காட்ட வேண்டும் என்று அந்தக் கைகளுக்குத் தெரியும். பின்னால் வந்த ராப் வேலைக்கு அடித்தளம் போட்டது இந்தக் கைத்திறமைதான் என்று நான் நம்புகிறேன். 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டுவதற்குத் தடை போட்டது. கண்ணாடியில் ஒட்ட வழியில்லை என்றான படலம் பாடியில் ஒட்டும் பொருளாகப் பேச்சில் அடிபட்டதும் ஏறத்தாழ அந்த வருடங்களில்தான்.

இனி பெங்களூரின் சொந்தக் கார்களைப் பார்ப்போம். இந்த ஊர் பெற்றெடுத்த கார்களில் ஒரு விநோதம் உண்டு. 1970களின் நடுவில் வந்த மூன்று சக்கர பாதல், பிறகு 1982இல் சிபானி நிறுவனம் வெளியிட்ட டால்ஃபின், இரண்டுக்கும் ஃபைபர்கிளாஸ் பாடி. டால்ஃபின் இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனின் வார்ப்பு, எடை குறைவு என்பதால் பந்தயம் ஓட்டுபவர்களுக்குப் பிடித்திருந்தது. 2001இல் வந்த ரேவா மின்சாரக் காருக்கு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் தகடுகள். 1998இல் பெங்களூரைச் சேர்ந்த சான் மோட்டார்ஸ், கோவாவில் உள்ள ஆலையில் செய்து வெளியிட்ட சான் ஸ்டார்ம், இரண்டு கதவு, துணிக்கூரை, ரெனோவின் 1.2 லிட்டர் எஞ்சின், சுமார் 60 குதிரைத்திறன். அதற்கும் ஃபைபர்கிளாஸ் பாடிதான். இந்தியாவில் விலைக்குக் கிடைத்த திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அதில் இது ஒன்று. ஆக, பெங்களூருக்காரர் ஒருவர் தன் ஊர் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெயின்ட்டா ராப்பா என்று யோசித்தால், அவர் கையில் இருப்பது இரும்பு இல்லை.

இரும்பு கார் என்றால் முடிவு ஓரளவு சுலபம். அதன் தொழிற்சாலைப் பெயின்ட் ஒரு தடவைதான் கிடைக்கும். வெறும் கூடாக இருக்கும்போதே தொட்டியில் முக்கி மின்சாரத்தால் அடிப்பூச்சு ஏற்றி, பிறகு சுமார் 140 டிகிரி சூட்டில் சுட்டெடுக்கிறார்கள். வயரும் ரப்பரும் சீட்டும் ஏறிய காரை எந்தப் பட்டறையும் அந்தச் சூட்டில் வைக்க முடியாது. நல்ல ஸ்பிரே பூத்தில் 60 டிகிரி வரைதான் போகலாம். எனவே 1990களில் வந்த ஒரு காரில் முதல் பெயின்ட் உயிரோடு இருந்தால் அதை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. நிறம் சலித்துவிட்டதா, மேலே படலம் போடுங்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து உரித்தால் பழைய கார் திரும்பக் கிடைக்கும். ஆனால் எங்காவது துரு குமிழ் விட்டிருந்தால் பேச்சே வேறு. படலத்துக்கு அடியில் துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், கண்ணில் படாது என்பதால் இன்னும் மோசம்.

ஃபைபர்கிளாஸில் துரு இல்லை. அதற்குப் பதிலாக நுண்விரிசல். சிலந்தி வலை மாதிரி ஒரு புள்ளியிலிருந்து கிளை பிரியும், கதவுக் கீல் அருகிலும் விளக்குக் குழியைச் சுற்றியும். வெளி அடுக்காகப் பூசும் கெட்டியான ஜெல்கோட்டில் வரும் விரிசல் அது. மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிட்டால் சில மாதத்தில் அதே கோடு அதே இடத்தில் எழும். அடி வரை அரைத்து எடுத்து, நாரும் ரெசினும் வைத்துக் கட்டி, பிறகுதான் பெயின்ட். ராப்பும் இதை மறைக்காது. 90 மைக்ரான் தோல் கீழே உள்ள ஒவ்வொரு பள்ளத்தையும் மேட்டையும் அப்படியே காட்டிவிடும். நிறத்தை மட்டும்தான் அது மாற்றும். பெயின்ட் கனம் அளக்கும் காந்தக் கருவியும் இங்கே வேலை செய்யாது, அதற்குக் கீழே இரும்பு வேண்டும். ஃபைபருக்கு ஒலியலையால் அளக்கும் கருவி தேவை, அது எல்லாக் கடையிலும் இருக்காது. எத்தனை தடவை பெயின்ட் அடித்த வண்டி என்று வெளியிலிருந்து சொல்வது கடினம். கதவு ஓரம், டிக்கியின் உட்புறம், ரப்பர் பீடிங்குக்கு அடியில் பார்த்தால்தான் பழைய நிறங்கள் அடுக்கடுக்காகத் தெரியும்.

இந்த இடத்தில்தான் ரிச்சர்ட் ட்ரூவின் டேப் உதவிக்கு வருகிறது. கூரை ஓரத்திலோ பம்பர் முனையிலோ, சந்தேகம் உள்ள இடத்தில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை விரலால் நன்றாகத் தேய்த்து ஒட்டி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். டேப்பின் முதுகில் நிறமோ, மீன் செதில் மாதிரி ஒளி ஊடுருவும் கிளியர் துணுக்கோ வந்தால் சோதனை முடிந்தது. பெயின்ட்டைக் கிளப்பக் கூடாது என்றே பிறந்த டேப்புக்கே பெயின்ட் கிளம்புகிறது என்றால், அதைவிடப் பல மடங்கு பிடிப்புள்ள ராப்பை வருடங்கள் கழித்து உரிக்கும்போது என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாஸ்கிங் டேப்பில் தேறினால் இன்னும் வலுவான டேப்பை வைத்து மறுபடி பார்க்க வேண்டும். நகத்தால் கிளியரின் ஓரத்தைக் கீறிப் பார்க்கும் ராப்காரரை நம்பலாம். காரைச் சுற்றி வராமலே கலர் கேட்லாக்கை நீட்டுபவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவதே நல்லது. படலக் கம்பெனிகள் தரும் உத்தரவாதத்தையும் படிக்க வேண்டும். தொழிற்சாலைப் பெயின்ட் அல்லாத பரப்பில் உரிக்கும்போது பெயின்ட் போனால் அவர்கள் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கும். பானட், கூரை போன்ற படுக்கைப் பரப்புகளுக்கு உத்தரவாத காலமும் குறைவு, ஏனென்றால் வெயில் நேராக அடிப்பது அங்கேதான். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயிலின் கடுமை நமக்கு உறைப்பதில்லை, பெயின்ட்டுக்கும் படலத்துக்கும் உறைக்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் வெயிலுக்குப் பதில் பிசுபிசுப்பும் பறவை எச்சமும். இரண்டையும் அன்றன்றே கழுவாவிட்டால் மேட் படலத்தில் கறை நிரந்தரமாகிவிடும்.

ராப் ஒரு நாளிலும் முடியும், நாலு நாளும் பிடிக்கும். வித்தியாசம் பிரித்துக் கழற்றுவதில் இருக்கிறது. கதவுக் கைப்பிடி, விளக்கு, பீடிங், பக்கக் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி, ஓரத்தை உள்ளே மடித்து ஒட்டி, மடித்த இடத்தை ஹீட் கன்னால் சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கிப் படலத்தின் இழுவையைப் போக்குபவர் நாலு நாள் எடுப்பார். கழற்றாமல் அப்படியே வைத்துப் பிளேடால் வெட்டுபவர் ஒரு நாளில் தந்துவிடுவார். பிளேடு படலத்தோடு நிற்காமல் கிளியரிலும் இறங்கிய கோடு, உரித்த பிறகுதான் கண்ணில் படும். பிளேடே தொடாமல் வெட்ட, நூல் பதித்த டேப் இப்போது கிடைக்கிறது. அது இருக்கிறதா என்று கேளுங்கள். கதவைத் திறந்தால் உள்ளே பழைய நிறம் எட்டிப் பார்க்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அது வேண்டாம் என்றால் பெயின்ட்தான் வழி.

பெயின்ட் பக்கம் போனால் எனக்கு ஒரு கவலை உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. இன்றைய கிளியர் கோட் பெரும்பாலும் இரண்டு டப்பா கலந்து அடிப்பது. அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அடிக்கும்போது எழும் புகையை வருடக்கணக்கில் சுவாசிப்பவருக்கு ஆஸ்துமா வரலாம். ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும், தொழிலையே விட வேண்டியதுதான். சாதாரணக் கரித்தூள் முகமூடி இதற்குப் போதாது, வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும். பட்டறைகளில் வாயில் கர்சீப்பைக் கட்டிக்கொண்டு கிளியர் அடிக்கும் பையன்களைப் பார்க்கும்போது வயிறு பிசைகிறது. பெயின்ட் அடிக்கக் கொடுக்கப் போகிறவர் "எந்த கம்பெனி பெயின்ட்?" என்று கேட்பதற்கு முன் "அடிக்கிற தம்பிக்கு ஏர் மாஸ்க் இருக்கா, பூத்தில் எக்ஸாஸ்ட் ஓடுதா?" என்று கேட்க வேண்டும். அதை வைத்திருக்கும் பட்டறை மற்ற வேலையையும் ஒழுங்காகச் செய்யும். தூசு விழாத பூத்தும் நல்ல காற்றும் ஒரே இடத்தில்தான் இருக்கும்.

காசு விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல காஸ்ட் படலத்தில் முழு கார் ராப் லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ போகும். கழற்றி, சுரண்டி, பட்டி பார்த்து, சர்ஃபேசர் ஏற்றிச் செய்யும் நேர்மையான பெயின்ட்டும் அதே பக்கம்தான் வரும். மலிவாகச் சொல்லும் எதிலும், அது பெயின்ட்டோ ராப்போ, அடிவேலையில் கை வைத்திருப்பார்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் நிறமும் ஒரு பதிவு. நிறம் மாறினால் ஆர்.டி.ஓ.வில் சொல்லிப் பதிவை மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டினால் சிக்னலில் நிறுத்தும் போலீஸாருக்கும், விபத்துக்குப் பிறகு வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயருக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். ஒரு நிறத்தை மட்டும் கேட்கவே கூடாது. மேட் ராணுவப் பச்சை ராப் கேட்லாக்கில் கவர்ச்சியாக இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 121ஆம் விதிப்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது.

சான் ஸ்டார்ம் வைத்திருப்பவர் என்னிடம் கேட்டால் பெயின்ட் என்றே சொல்வேன். சாதாரண ஃபைபர்கிளாஸை அந்த 140 டிகிரி அடுப்பில் வைக்க முடியாது. எனவே காப்பாற்றியே ஆக வேண்டிய சுட்ட பெயின்ட் என்ற வாதம் இங்கே பாதி வலுவிழக்கிறது. இருபத்தைந்து வருடத்தில் ஒரு தடவையாவது மறுபெயின்ட் ஏறியிருக்கும். அதன் மேல் ஒட்டிய படலம் உரிக்கும்போது எதைக் கொண்டுபோகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நுண்விரிசலை எப்படியும் அரைத்துக் கட்டியே ஆக வேண்டும், அதைச் செய்த பிறகு பெயின்ட்டுக்கு மிச்சம் இருப்பது பாதி வேலைதான். உடைந்தால் மாற்ற பாடித் தகடு கடையில் கிடைக்காத கார் அது. எனவே பட்டறை தேர்வு செய்யும்போது காருக்கு ஃபைபர் வேலை செய்த பழக்கம் உண்டா என்று பார்க்க வேண்டும், படகுக்கு வேலை செய்தவராக இருந்தாலும் சரி. நிறம் ஆர்.சி.யில் உள்ள அதே நிறம். பானட்டில் பந்தயக் கோடு வேண்டும் என்று ஆசை இருந்தால் அதற்கு மட்டும் படலம் போதும். ஆனால் புதுப் பெயின்ட்டிலிருந்து தின்னர் ஆவி முழுக்க வெளியேற வாரங்கள் ஆகும். குறைந்தது ஒரு மாதமாவது பொறுக்காமல் ஒட்டினால், வெளியேற வழியில்லாத ஆவி படலத்துக்கு அடியில் குமிழாக நிற்கும்.

ஏற்கெனவே ராப் போட்ட பழைய காரை வாங்கப் போகிறவர், அது எந்த வருடம் ஒட்டியது, எந்தப் படலம் என்று பில்லைக் கேட்டுப் பார்க்க வேண்டும். உத்தரவாத காலம் முடிவதற்குள் உரித்தால், ஹீட் கன்னால் மிதமாகச் சூடாக்கித் தாழ்ந்த கோணத்தில் மெதுவாக இழுக்க, தாள் முழுசாக வரும். காலம் கடந்துவிட்டால் வினைலில் இருந்த நெகிழ்வுப் பொருள் வெயிலில் போய், தபால் தலை அளவுத் துண்டுகளாகத்தான் உடைந்து வரும், பசை காரிலேயே தங்கிவிடும். அந்தப் பசையைத் துடைத்தெடுக்கும் கூலியை விலையில் கழித்துக்கொண்டுதான் பேரம் பேச வேண்டும்.